மூக்கருகே பிடித்த கண்ணாடி

கண்ணாடியை மூக்கருகே பிடித்துப் பார்த்தால் ஒருவருக்கு உயிர் இருக்கிறதா இல்லையா என்று சொல்லிவிடலாம். மூச்சு பட்டுக் கண்ணாடி மங்கினால் ஆள் இருக்கிறார், மங்காவிட்டால் போய்விட்டார். இருபத்து நான்கு வயது வரைக்கும் இதை நான் முழுசாக நம்பினேன். நம்பியதோடு நிற்கவில்லை. அரசாங்கச் சம்பளம் வாங்கிக்கொண்டு, காக்கிப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, ஓர் உப்பளமே வேடிக்கை பார்க்கச் செய்தும் காட்டினேன்.

இதைப் பயிற்சி வகுப்பில் யாரும் சொல்லித் தரவில்லை. நாடி பிடித்துப் பார்ப்பது எப்படி என்று அங்கே சொல்லிக் கொடுத்த அன்று நான் கடைசி வரிசையில் உட்கார்ந்து, மடியில் ஒரு துப்பறியும் நாவலை மறைத்து வைத்துப் படித்துக்கொண்டிருந்தேன். கண்ணாடி அந்த நாவலில்தான் வந்தது. ஒரே மணி நேரத்தில் இரண்டு பாடம் நடந்தது. நான் தவறான பாடத்தைக் கற்றுக்கொண்டு வெளியே வந்தேன்.

புதிதாகச் சுகாதார ஆய்வாளர் வேலைக்கு வந்திருக்கிற தம்பிகளும் தங்கைகளும் என்னைப் பார்க்கும்போதெல்லாம், "உங்க சர்வீஸ்ல சாதனைன்னு ஏதாவது சொல்லுங்க சார்" என்று கேட்கிறீர்கள். சாதனை என்று ஒன்றும் உடனே ஞாபகத்துக்கு வரவில்லை. முட்டாள்தனம் வேண்டுமானால் வரிசையாக வருகிறது. அதில் முதலில் நிற்பதைச் சொல்கிறேன்.

கண்ணாடி என்றால் எங்கள் வேலையில் எத்தனையோ உண்டு. டாக்டரம்மா நெற்றியில் கட்டிக்கொள்கிற வட்டக் கண்ணாடி, வெளிச்சத்தைத் தொண்டைக்குள் அனுப்பும். ரத்தம் பார்க்கிறவர் ஜன்னலோரம் உட்கார்ந்து, மைக்ராஸ்கோப்புக்கு அடியில் இருக்கிற சின்னக் கண்ணாடியைத் திருப்பித் திருப்பி வெயிலைப் பிடிப்பார். அன்றைக்கு மின்சாரத்தை நம்பி மலேரியா பார்க்க முடியாது. ஜீப் டிரைவரின் கண்ணாடி பின்னால் வருகிற லாரியைக் காட்டும்; நாங்கள் பின்சீட்டில் தூங்குவதையும் காட்டும். இவையெல்லாம் அதது வேலையை அதது ஒழுங்காகச் செய்தன. என் சட்டைப் பையில் இருந்த கைக்கண்ணாடிக்கும் ஒரு வேலை இருந்தது. என் கிராப்பு கலைந்திருக்கிறதா என்று சொல்வது. அதை டாக்டர் வேலைக்கு நியமித்தது நான்தான்.

எழுபதுகளின் நடுவில் ஒரு சித்திரை மாதம். கடலிலிருந்து உள்ளே தள்ளி ஒரு கிராமத்தில் வாந்திபேதி என்று செய்தி வந்தது. கோடையில் உப்பளங்களுக்குச் சுற்றுப்பட்ட ஊர்களிலிருந்தெல்லாம் ஆட்கள் வந்து, ஒரே பீப்பாய்த் தண்ணீரைக் குடிப்பார்கள். அங்கே புகுந்தால் பஞ்சில் நெருப்பு விழுந்த மாதிரிதான். மரக்காணம் ஆஸ்பத்திரியின் டாக்டரம்மா என்னைக் கூப்பிட்டு, "வீட்டுக்குப் போனா ஆள் கிடைக்க மாட்டாங்க. உப்பளத்துலயே போய் ஊசி போட்டுட்டு வா" என்றார். நான் வேலைக்குச் சேர்ந்து நான்கு மாதம் ஆகியிருந்தது. கிளியனூர்க்காரனான எனக்கு உப்பு என்றால் மளிகைக் கடையில் கோணிச் சாக்கில் இருப்பது, அவ்வளவுதான் தெரியும்.

தோள்பையைத் தவிர என்னோடு இரண்டு சாமான்கள் வந்தன. ஊசி, ஸ்பிரிட், பஞ்சு வைத்த கறுப்பு டிரங்குப் பெட்டி ஒன்று. அகன்ற வாயுள்ள பெரிய தெர்மாஸ் ஒன்று. அதற்குள் ஐஸ், ஐஸுக்கு நடுவே காலரா மருந்துப் புட்டிகள். அந்த ஐஸ் காலை பஸ்ஸில் புதுச்சேரியிலிருந்து மரத்தூளில் புதைந்து வந்தது. ஸ்டோர்க்காரர் தெர்மாஸை என் கையில் கொடுக்கும்போது, கோயில் சொரூபத்தைக் கொடுப்பவர் போலக் கொடுத்தார். "ஐஸ் போனா மருந்து போச்சு. மருந்து போனா நீ போனே" என்றார்.

உப்பளத்தில் வெயில் ஒரு பக்கத்திலிருந்து வருவதில்லை. பாத்திகளில் நிற்கிற தண்ணீர் வானத்தை அப்படியே திருப்பிக் காட்டும். தலைக்கு மேல் ஒரு சூரியன், முழங்காலுக்குக் கீழே பாத்திக்கு ஒரு சூரியன். தொப்பியால் மேலே இருப்பதைத் தடுக்கலாம். கீழே இருப்பவற்றை என்ன செய்வது? உப்பு வாருகிற ஆட்கள் கண்ணைச் சுருக்கிச் சுருக்கியே பேசுவார்கள். அவர்கள் என்னைச் சந்தேகமாகப் பார்க்கிறார்கள் என்று முதல் அரை மணி நேரம் நினைத்துக்கொண்டிருந்தேன்.

அவர்கள் என்னை 'டாக்டர் சார்' என்றார்கள். நான் டாக்டர் இல்லை என்று சொல்லியிருக்க வேண்டும். வாயைத் திறக்கும்போதெல்லாம் வேறு எதையாவது சொன்னேன்.

வரப்பில் டிரங்குப் பெட்டியை வைத்து, அதன் மேல் கண்ணாடியையும் சீப்பையும் வைத்துக்கொண்டேன். உள்ளங்கை அகல வட்டக் கண்ணாடி. பின்பக்கம் ஒரு சினிமா நடிகையின் படம். கடல்காற்று கிராப்பை ஓயாமல் கலைத்துக்கொண்டிருந்தது. நான்கு பேருக்கு ஊசி போட்டால் ஒரு தடவை சீவிக்கொண்டேன். வரிசையில் நின்ற ஒரு பெண், தலையில் சும்மாட்டோடு, இடுப்பில் கையை ஊன்றிக்கொண்டு கேட்டாள்:

"இன்னா டாக்டர் சார், ஊசி எங்களுக்கா இல்ல உங்களுக்குப் பொண்ணு பாக்கறாங்களா?"

எல்லோரும் சிரித்தார்கள். அவள் பெயர் லூர்தம்மா. அவளுக்குப் பின்னால் நின்ற ஒடிசலான ஆள் மட்டும் சிரிக்காமல், "சும்மா இரு, குத்தறவர்கிட்ட வம்பு பண்ணாத" என்றார். அவர் அவளுடைய கணவர் அந்தோணிசாமி. காலையிலிருந்து தலைவலி என்றார். "ஊசி போட்டா சரியாயிடுமா சார்?" என்று கேட்டார். காலரா ஊசிக்கும் தலைவலிக்கும் சம்பந்தம் இல்லை. இருந்தாலும் டாக்டர் சார் அல்லவா, "எல்லாம் சரியாயிடும்" என்று சொல்லிக் குத்தினேன். லூர்தம்மா ஊசி போட்டுக்கொண்டு, உப்புக் கூடை தூக்க ரோட்டோரம் இருக்கிற அம்பாரத்துக்குப் போனாள். அம்பாரம் என்றால் உப்பு மலை; பனையோலை வேய்ந்து மூடியிருப்பார்கள். அது அங்கிருந்து முக்கால் மைல் இருக்கும். அந்தோணிசாமி பலகையை எடுத்துக்கொண்டு உப்பு இழுக்கப் பாத்தியில் இறங்கினார்.

பதினைந்து நிமிடம் கழித்து அவர் விழுந்தார்.

பலகையை இழுத்துக்கொண்டே வந்தவர் அப்படியே முன்னால் சாய்ந்தார். மேஸ்திரி தேவராசுவும் இன்னும் இரண்டு பேரும் தூக்கி வந்து வரப்பில் கிடத்தினார்கள். கண் பாதி திறந்திருந்தது. உடம்பில் பொட்டு வியர்வை இல்லை. தொட்டால் அடுப்பில் போட்ட தோசைக்கல் மாதிரி சுட்டது.

நீங்கள் எல்லோரும் கெட்டிக்காரர்கள். இதைப் படிக்கும்போதே வெயில் அடித்துவிட்டது என்று கண்டுபிடித்திருப்பீர்கள். எனக்கு அப்போது ஒன்றே ஒன்றுதான் தோன்றியது. ஊசி போட்டேன், விழுந்தார். இந்த இரண்டுக்கும் நடுவே வேறு எந்த விஷயத்தையும் என் மூளை அனுமதிக்கவில்லை. சுற்றி நின்ற முப்பது பேருக்கும் அதேதான் தோன்றியது என்பது அவர்கள் என்னைப் பார்த்த பார்வையில் தெரிந்தது. இந்தத் தடவை வெயிலுக்காகக் கண்ணைச் சுருக்கவில்லை.

"பாருங்க சார்" என்றார் தேவராசு.

மணிக்கட்டைப் பிடித்தேன், கட்டைவிரலால். திம்திம்மென்று குதித்தது. ஆகா என்று மேலே பார்த்தேன். பிறகு கையை எடுத்தேன். எடுத்த பிறகும் விரலில் திம்திம்மென்று குதித்துக்கொண்டிருந்தது. நான் பிடித்திருந்தது என்னுடைய நாடியைத்தான். மறுபடி பிடித்தேன். இப்போது எது அவருடையது, எது என்னுடையது என்றே தெரியவில்லை. அப்போதுதான் அந்தப் பாழாய்ப்போன நாவல் ஞாபகம் வந்தது.

டிரங்குப் பெட்டியின் மேல் காலையிலிருந்து வானத்தைப் பார்த்துக்கொண்டு கிடந்த கண்ணாடியை எடுத்தேன். விரல் சுட்டது. சுட்டது என்று நன்றாகத் தெரிந்தது; ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றிக்கொண்டேன். அது எதற்காகச் சுடுகிறது, சுட்டால் என்ன ஆகும் என்று யோசிக்கிற ஆள் அன்று அந்த வரப்பில் இல்லை. அந்தோணிசாமியின் மூக்கருகே பிடித்தேன். மனசுக்குள் இருபது எண்ணினேன். கண்ணாடி அப்போதுதான் துடைத்து வைத்த மாதிரி பளிச்சென்று இருந்தது. வானம் தெரிந்தது, ஒரு நாரை பறந்துபோவது கூடத் தெரிந்தது.

எழுந்து நின்றேன். நாவலில் வருகிற துப்பறிவாளரின் குரலிலேயே சொன்னேன்: "முடிஞ்சிடுச்சு."

"நல்லா பாருங்க சார்."

"பாத்துட்டேன்."

தேவராசு தன் தோளில் கிடந்த துண்டை எடுத்து அந்தோணிசாமியின் முகத்தில் போட்டார். ஆட்கள் தலைக்கட்டை அவிழ்த்தார்கள். சிலர் சிலுவை போட்டுக்கொண்டார்கள். அங்கே இருந்த ஒரே வண்டி, உப்பங்கழியின் ஆழமில்லாத ஓரமாகத் தண்ணீர்ப் பீப்பாய் ஏற்றி வந்த மாட்டு வண்டி. அதை ஊருக்கு ஓட்டிக்கொண்டு போய் மாதா கோயிலில் சொல்லி, சாவு மணி அடிக்கச் சொல்லுமாறு தேவராசு ஆள் அனுப்பினார். வண்டி போனது. வண்டியோடு பீப்பாயும் போனது. ஒரு பானைத் தண்ணீர் மட்டும் மிச்சம் நின்றது. செத்தவருக்குத் தண்ணீர் எதற்கு? லூர்தம்மாவிடம் சொல்ல ஒருவர் கிளம்பினார். அவருக்கும் சொல்லப் பிடிக்காததால் மெதுவாகத்தான் நடந்தார்.

அடுத்து நான் செய்ததை என் மனைவியிடம்கூட வெகு நாள் சொல்லவில்லை. முதலில் தப்பித்து ஓட வழி பார்த்தேன். கிழக்கே கடல், மேற்கே உப்பங்கழி. எனக்கு நீச்சல் தெரியாது. நடுவில் கிடக்கிற வரப்போ ஒரு ஆள் போகிற அகலம், அதிலும் முப்பது பேர் நின்றார்கள். ஓட்டத்தைக் கைவிட்டு, டிரங்குப் பெட்டியின் மேல் தாளை வைத்து மேலதிகாரிக்கு அறிக்கை எழுத ஆரம்பித்தேன். முதல் வரி இப்படி வந்தது: 'மேற்படி நபர் ஊசி போடுவதற்கு முன்பே இறந்திருக்கக்கூடும் எனத் தோன்றுகிறது.' எழுதிவிட்டுப் படித்துப் பார்த்தேன். நன்றாக இருப்பதாகவே பட்டது. செத்தவர் எப்படி வரிசையில் நின்று தலைவலிக்கு மருந்து கேட்டார் என்ற கேள்வி எனக்கு வரவில்லை. இரண்டாவது வரியை யோசித்துக்கொண்டிருந்தபோது லூர்தம்மா வந்துவிட்டாள்.

அந்தக் குறுகலான வரப்பில் அப்படி ஓடி வந்தவரை நான் பார்த்ததில்லை. சும்மாடு தலையிலேயே இருந்தது. அழவில்லை. வந்ததும் துண்டைப் பிடித்து இழுத்துப் போட்டாள்.

"யாரு சொன்னது?"

"டாக்டர் சார் பாத்துட்டாரு லூர்தம்மா" என்றார் தேவராசு.

"இன்னாத்த வச்சிப் பாத்தாரு?"

"கண்ணாடி வச்சிப் பாத்தாரு. மூச்சு வரல."

அவள் கணவரின் முகத்தையே பார்த்தாள். பிறகு பெட்டியின் மேல் கிடந்த கண்ணாடியை எடுத்தாள். எடுத்தவள் சூடு தாங்காமல் முந்தானையைச் சுற்றிப் பிடித்துக்கொண்டாள். அதை என்னிடம் நீட்டினாள்.

"உன் மூக்குல வை."

"அம்மா, நான் வந்து..."

"வைடா."

வைத்தேன். முகம் தெரிந்தது, மீசை தெரிந்தது, மீசைக்கு மேல் என் மூக்கு புஸ்புஸ்ஸென்று இரைப்பது தெரிந்தது. கண்ணாடியில் ஒரு துளி மங்கல் இல்லை. வாயைத் திறந்து ஊதினேன். அப்போதும் இல்லை.

"நீ எப்போ செத்தே?" என்று கேட்டாள் லூர்தம்மா.

தேவராசு என் கையிலிருந்து கண்ணாடியை வாங்கித் தன் மூக்கில் வைத்தார். பக்கத்தில் நின்றவரிடம் கொடுத்தார். அவர் அடுத்தவரிடம் கொடுத்தார். ஐந்து பேர் பார்த்தார்கள். என்னுடைய சோதனைப்படி அந்த வரப்பில் உயிரோடு ஒருவரும் கிடையாது. சூடான கண்ணாடியில் மூச்சு படியாது என்று அன்றைக்கு எனக்குத் தெரிந்தது. அடுப்படியில் நிற்கிற யாரைக் கேட்டிருந்தாலும் சொல்லியிருப்பார்கள்.

லூர்தம்மா இதற்குள் உட்கார்ந்து, புறங்கையைக் கணவரின் மூக்கருகே வைத்திருந்தாள். "காத்து வருது" என்றாள், மெதுவாக. பிறகு சத்தமாக: "காத்து வருதுய்யா. தூக்குங்க, நெழலுக்குத் தூக்குங்க."

அங்கே நிழல் என்று ஒன்று இல்லை. பக்கத்தில் இருந்த சின்ன அம்பாரத்தின் ஓலையைப் பிரித்து நான்கு பேர் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்தார்கள். பானைத் தண்ணீரை ஊற்றினோம். ஒரே ஊற்றில் தீர்ந்தது. பாத்தித் தண்ணீரைத் தொட்டுப் பார்த்தேன். அதில் முட்டையை வேக வைக்கலாம். தேவராசு என் தெர்மாஸைப் பார்த்தார்.

"அதுல ஐஸ் இருக்குதா சார்?"

"இருக்குது. ஆனா அது மருந்துக்கு."

இப்படிச் சொன்னேன் என்று எழுதும்போது இப்போதும் கூச்சமாக இருக்கிறது. சொன்னேன். ஸ்டோர்க்காரரின் முகம் அப்படி என் கண் முன்னால் நின்றது.

"மருந்து யாருக்கு?" என்று கேட்டாள் லூர்தம்மா.

தெர்மாஸைத் திறந்து கவிழ்த்தேன். புட்டிகள் உப்பில் உருண்டன. ஐஸை முந்தானையிலும் துண்டிலும் கட்டிக் கழுத்திலும் அக்குளிலும் வைத்தோம். கடும் ஜுரத்துக்கு டாக்டரம்மா அப்படி வைப்பதை ஆஸ்பத்திரியில் பார்த்திருக்கிறேன். நல்லவேளை, அன்றைக்கு மடியில் நாவல் இல்லை. இரண்டு பேர் ஓலையால் விசிறினார்கள். நான் ஐஸைத் தேய்த்துக்கொண்டே இருந்தேன். கை மரத்துப் போனது.

இவ்வளவுக்குப் பிறகாவது எனக்குப் புத்தி வந்திருக்கும் என்று நினைக்கிறீர்கள் அல்லவா? அவசரத்தில் அந்தக் கண்ணாடி ஐஸ் மூட்டைக்குள் விழுந்து கிடந்தது. கையில் அகப்பட்டது. ஜில்லென்று இருந்தது. சரி, இப்போது சூடு இல்லையே, ஒழுங்காகச் சொல்லுமே என்று துடைத்து அந்தோணிசாமியின் மூக்கருகே பிடித்தேன். உடனே வெள்ளையாக மங்கியது. "பாருங்க, மூச்சு நல்லா வருது, தப்பிச்சிட்டாரு" என்று கத்தியேவிட்டேன். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்தது.

தேவராசு கண்ணாடியை வாங்கினார். வேட்டி முனையால் துடைத்தார். திரும்பி, பின்னால் இருந்த உப்புக் குவியலுக்கு நேரே பிடித்தார். ஐந்து எண்ணுவதற்குள் மங்கியது.

"அம்பாரமும் மூச்சு விடுது சார்" என்றார். சிரிக்காமல் சொன்னார்.

கடற்கரைக் காற்றின் ஈரத்துக்கு ஜில்லென்ற எந்தக் கண்ணாடியும் தானாகவே வியர்க்கும். அரை மணி நேரத்துக்கு முன்னால் ஐந்து மனிதர்களைக் கொன்ற கண்ணாடி இப்போது ஒரு உப்பு மலைக்கு உயிர் கொடுத்துவிட்டது. கேட்டவன் கேட்கிற நிலைமையில் இல்லாவிட்டால் கண்ணாடி என்ன செய்யும், பாவம். லூர்தம்மா அதை வாங்கித் தூரப் போட்டுவிட்டு, "கைய வச்சித் தேய்யா" என்றாள். தேய்த்தேன்.

எவ்வளவு நேரம் என்று தெரியாது. அந்தோணிசாமியின் தொண்டையில் ஒரு சத்தம் வந்தது. தலை ஆடியது. அதன் பிறகு என் வெள்ளைச் சட்டை முழுக்க வாந்தியெடுத்தார். என் உத்தியோக வாழ்க்கையில் எனக்குக் கிடைத்த முதல் நற்சான்று அதுதான்.

அப்போதுதான் காற்றில் கோயில் மணி கேட்டது. ஒன்று. நீண்ட இடைவெளி. இன்னொன்று. எல்லோரும் ஊர்ப்பக்கம் திரும்பினார்கள். பிறகு என் பக்கம் திரும்பினார்கள்.

"யாராச்சும் ஓடிப்போயி அந்த மணிய நிறுத்தச் சொல்லுங்க" என்றாள் லூர்தம்மா, கணவரின் தலையை மடியில் வைத்துக்கொண்டு. "சாமியாரு வேற பொறப்பட்டு வந்துடப்போறாரு. டாக்டரே, நீ இங்கியே இரு. நீ போயி இன்னொரு ஆள சாவடிச்சிட்டு வராத."

உப்பு ஏற்ற வந்த லாரி ஒன்று ரோட்டோரம் நின்றது. ஓலைத் தட்டியில் கிடத்தி முக்கால் மைலும் தூக்கிக்கொண்டு போனோம். வரப்பில் நான்கு பேர் சேர்ந்து நடக்க முடியாது. முன்னால் இருவர், பின்னால் இருவர், சில இடத்தில் பாத்திக்குள்ளேயே இறங்கி. நான் பின்பக்கம் இடது கால்மாட்டில் இருந்தேன். இரண்டு தடவை வழுக்கி விழுந்தேன். தட்டியை விடவில்லை. இந்தக் கதையில் நான் ஒழுங்காகச் செய்த காரியம் அது ஒன்றுதான், அதனால் சொல்லிக்கொள்கிறேன்.

லாரி ஊரைத் தாண்டும்போது துக்கத்துக்கு வந்த கூட்டம் குறுக்கே நின்றது. கோயில் காரியம் பார்க்கிற உபதேசியார் கையில் சிலுவையோடு முன்னால் நின்றார். பிணம் எங்கே என்று கேட்டார்கள். பிணம் முனகிக்கொண்டிருந்தது. ஒரு பெரியவர் லாரியின் பக்கப்பலகையைப் பிடித்து ஏறி, எட்டிப் பார்த்துவிட்டு இறங்கினார்.

"ஆண்டவருக்கே மூணு நாளு ஆச்சு. இவன் இன்னாடா, மணி அடிச்சி முடிக்கறதுக்குள்ள எழுந்துட்டான்?"

பின்னால் ஒரு அம்மாள் ஒப்பாரியை நிறுத்தாமல் அழுதுகொண்டே இருந்தார். ஆள் இருக்கிறார் என்று அவரிடம் சொன்னார்கள். "தெரியுதுப்பா. எடுத்த பாட்ட பாதியில விட்டா ஆகாது" என்றார்.

ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா அந்தோணிசாமியைப் பார்த்ததும் என்னை ஓரமாக நிற்கச் சொன்னார். செய்ய வேண்டியதைச் செய்தார். அதே லாரியில் புதுச்சேரி பெரியாஸ்பத்திரிக்கு அனுப்பினார். நடந்ததையெல்லாம் டாக்டரம்மாவிடம் கொட்டிவிட்டு லூர்தம்மாவும் கூடப் போனாள். லாரி கண்ணுக்கு மறைந்த பிறகு கையைக் கழுவிக்கொண்டே கேட்டார்.

"கண்ணாடியை எடுக்கறதுக்கு முன்னாடி என்ன பண்ணினே?"

"நாடி பாத்தேன் மேடம்."

"எந்த விரலால?"

கட்டைவிரலைக் காட்டினேன். அவர் அதைக் கொஞ்ச நேரம் பார்த்தார். அதைக் கழற்றி எங்காவது ஒளித்து வைத்துவிடலாமா என்று எனக்கே தோன்றியது.

"மருந்து?"

"ஐஸை எடுத்துட்டேன். எல்லாம் வீணாப் போச்சு."

"அது பரவாயில்ல, நான் எழுதிக்கறேன்." துண்டால் கையைத் துடைத்தார். "ஊசியால இல்ல, வெயில்தான். அதை விடு. ஒண்ணு மட்டும் சொல்லு. இருக்காரா இல்லையான்னு உனக்குத் தெரியல. தெரியலன்னா, இருக்காருன்னு வச்சிக்கிட்டு வேலையைப் பாக்கலாமே. முடிஞ்சுதுன்னு சொல்ல என்ன அவசரம்?"

என் சட்டையைப் பார்த்துவிட்டு, "போய்க் குளி" என்றார்.

அந்தக் கேள்விக்குப் பதில் குளிக்கும்போதே தெரிந்துவிட்டது. அவரிடம் கடைசிவரை சொல்லவில்லை. உங்களுக்குச் சொல்கிறேன். அந்தோணிசாமி உயிரோடு இருந்தால் நான் ஏதாவது செய்தாக வேண்டும். என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை. செத்திருந்தால் அறிக்கை எழுதினால் போதும். அது எனக்குத் தெரியும். தெரிந்த வேலைக்குத் தக்கபடி ஆளைச் செத்தவராக்கிக்கொண்டேன். கண்ணாடி என்னை ஏமாற்றவில்லை. எனக்கு வேண்டிய பதிலைத்தான் அதனிடம் கேட்டு வாங்கினேன்.

உங்களிடம் இப்போது நல்ல நல்ல கருவிகள் இருக்கின்றன. விரலில் மாட்டினால் எண் காட்டுகிறது. அந்த எண் உங்களுக்கு நிம்மதி தருகிற எண்ணாக இருந்தால், ஒரு தடவை உங்கள் விரலில் மாட்டிப் பாருங்கள். நீங்கள் செத்திருக்கிறீர்களா என்று தெரிந்துகொண்டு பிறகு அடுத்தவரைப் பற்றிச் சொல்லலாம். இதை நான் வேடிக்கையாகத்தான் இத்தனை வருஷமும் சொல்லி வருகிறேன். பயிற்சிக் கூட்டங்களில் 'அம்பாரமும் மூச்சு விடுது சார்' என்ற இடத்தில் எல்லோரும் சிரிப்பார்கள். சிரிக்கிறார்களே என்று நானும் அத்தோடு நிறுத்திக்கொள்வேன். எழுதுகிறபோது நிறுத்த முடியவில்லை.

அந்தோணிசாமி பிழைத்தார். ஒன்றரை மாதம் கழித்து வீட்டுக்கு வந்தார். பேச்சு குழறிற்று. நடக்கும்போது உடம்பு ஒரு பக்கம் தள்ளியது. வரப்பில் நடக்க முடியவில்லை, பிறகு அவர் உப்பளத்துக்குப் போகவே இல்லை. அவருடைய பலகையை லூர்தம்மா இழுத்தாள். கொஞ்சம் முன்னால் குளிர வைத்திருந்தால் இவ்வளவு ஆகியிருக்காது என்று புதுச்சேரி டாக்டர்கள் சொன்னதாக டாக்டரம்மா ஒரு நாள் சொன்னார். யாரால் என்று சொல்லவில்லை. நான் 'முடிஞ்சிடுச்சு' என்று சொன்னதிலிருந்து லூர்தம்மா ஓடி வந்து துண்டை இழுக்கும் வரை இருபத்தைந்து நிமிடம். அந்த இருபத்தைந்து நிமிடமும் அவர் முகத்தில் துண்டோடு, வெயிலில், உயிரோடு கிடந்தார்.